ஐப்பசியில் இறுகும் கதவு: இழைப்புளியைத் தொடும் முன்

அடைமழை பிடித்துச் சில நாள் போனால் வாசற்கதவு நிலையில் உரச ஆரம்பிக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளியால் ஓரத்தைச் சீவிவிடுவதுதான் வழக்கம். அன்றைக்குக் கதவு அழகாகச் சாத்தும். சித்திரை வெயிலில் பார்த்தால் அதே இடத்தில் பல்லி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கும். சீவிய மரம் திரும்ப வராது, உப்பிய மரமோ தானாகவே சுருங்கும்.

மரம் செத்த பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. இழைகளில் உள்ள செல்லுலோஸ் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். அவை செல் சுவருக்குள் புகுந்து சுவரை அகட்டுகின்றன. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிற்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 15, 16 வரை ஏறும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி உப்பாது. நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது, வீக்கமெல்லாம் அகலவாக்கில்தான். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையைவிட இரு மடங்கு அளவுக்கு வீங்கும். தேக்கில், ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் வளையத்தை ஒட்டிய திசையில் 0.19 சதவீதமும், குறுக்கே 0.1 சதவீதமும் அகலம் கூடும்.

இதைக் கதவில் வைத்துக் கணக்குப் போடலாம். 900 மி.மீ. அகலக் கதவு, வெறும் பலகைகளைச் சேர்த்து அடித்தது, ஈரம் 5 சதவீதம் ஏறியது என்றால் மொத்தம் எட்டரை மி.மீ. வரை அகலும். சட்டம் போட்டுப் பலகை கோத்த கதவில் அப்படி ஆகாது. பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் ஒட்டாமல் மிதக்கின்றன, உப்பினாலும் காடிக்குள்ளேயே நகரும். குறுக்குச் சட்டங்களின் நீளம்தான் கதவின் அகலவாக்கில் கிடக்கிறது, மரம் நீளவாக்கில் உப்பாததால் அவை அசையாது. மிஞ்சுவது ஓரத்து நெடுஞ்சட்டங்கள் இரண்டு மட்டும். தலா 100 மி.மீ. என்றால் சேர்ந்து 2 மி.மீ. கூடும். சட்டக் கதவு அழகுக்காகப் பிறந்ததல்ல, இந்த வீக்கத்தை அடக்கவே பிறந்தது. பலகை ஆடுகிறதே என்று காடியில் பசை ஊற்றியோ ஆணி அடித்தோ இறுக்கினால் கோடையில் அந்தப் பலகை நடுவே பிளக்கும்.

ஆனால் உரசும் கதவெல்லாம் உப்பிய கதவு அல்ல. கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் அசைந்தால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். பூட்டுப் பக்க மேல் மூலை நிலையில் முட்டும், அதே பக்கத்துக் கீழ் மூலை தரையைத் தேய்க்கும். மேல் கீல் பக்கம் சந்து அகன்றிருக்கும். மாறாக, பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பிடித்தால்தான் வீக்கம். கண்ணுக்குத் தெரியவில்லையா? நிலையின் உள்விளிம்பில் கலர் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். உரசும் இடம் கதவில் ஒட்டிக்கொண்டு வரும்.

தொங்கல் ஏன் மேல் கீலில் தொடங்குகிறது? 30 கிலோ கதவு, கீல்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால், மேல் கீல் ஸ்க்ரூக்களை நிலையிலிருந்து பிடுங்கும் விசை எப்போதும் 9 கிலோ அளவுக்கு இருக்கும். குழந்தை கைப்பிடியில் தொங்கி ஊஞ்சல் ஆடினால் கேட்கவே வேண்டாம். ஓட்டை தளர்ந்திருந்தால், மூங்கில் குச்சிகளைச் சீவி மரப்பசையில் தோய்த்து இறுக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 3 மி.மீ. பிட்டால் மறுபடி துளை போட வேண்டும். 25 மி.மீ. ஸ்க்ரூவைக் கழற்றி, அதே தடிமனில் 50 மி.மீ. போடுங்கள். 75 மி.மீ. நிலைக்கால் அதைத் தாங்கும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ மட்டும் மாற்றினால் கதவைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்க்ரூ தலை கீல் தகட்டுக்கு மேல் துருத்தி நின்றால் கதவு சாத்தியதும் ஸ்பிரிங் போலத் திரும்பி வரும். பலரும் இதையே வீக்கம் என்று நினைத்து மறுபக்கத்தைச் சீவிவிடுகிறார்கள்.

நிஜமாகவே உப்பியிருந்தால் மழைக்காலத்துக்கு மெழுகுவர்த்தி போதும். உரசும் இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மெழுகை அழுத்திப் பூசுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது மெழுகைச் சுத்தமாக எடுக்காவிட்டால் பெயின்ட் பிடிக்காது. பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் ஏற்றிய கதவாக இருந்தால், முதலில் அந்தப் பழைய பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிப் பாருங்கள். மரத்தைத் தொடாமலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

மாசி, பங்குனியில் காய்ந்த பிறகும் பிடித்தால்தான் இழைப்புளி. காய்ந்த கதவுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. சந்து விடலாம். நிறைய எடுக்க வேண்டியிருந்தால் கீல் பக்கத்தைச் சீவுவது நல்லது. கீல் பள்ளத்தை உளியால் கொஞ்சம் ஆழப்படுத்தினால் போதும், பூட்டைக் கழற்றி மாற்றும் வேலை மிச்சம். பூட்டு ஓரத்தைத் தொட்டால் செங்குத்தாகச் சீவாமல் 2 டிகிரி சாய்வு கொடுங்கள். 35 மி.மீ. தடிமனுள்ள கதவு சாத்தும்போது நிலைக்குள் முதலில் நுழையும் மூலை கீலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. வட்டமடித்து வர அதற்கு 0.7 மி.மீ. கூடுதல் இடம் வேண்டும். அந்த மூலைப் பக்கம்தான் கூடுதலாகச் சீவியிருக்க வேண்டும். அடிப்பக்கத்தைச் சீவும்போது இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கியே இழையுங்கள். வெளியே தள்ளினால் ஓரத்தில் சிம்பு பெயரும்.

சீவிய அன்றே பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் அதன்மேல் இரண்டு பூச்சும் கொடுத்துவிட வேண்டும். பெயின்ட் ஈரத்தை முழுசாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். அதுவே பெரிய உதவி. இங்கே எல்லோரும் விடுவது மேல், கீழ் விளிம்புகளை. கதவு மாட்டிய பிறகுதான் பெயின்டர் வருகிறார், அடிப்பக்கம் அவர் கண்ணில் படுவதேயில்லை. நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது. இழை வழியாக நீர் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், பூச்சே படாத வெறும் மரமாகவே இருக்கும். கீல் கம்பியை உருவிக் கதவை எடுத்துப் படுக்கவைத்துப் பூசுவது உத்தமம். முடியாவிட்டால் துணி சுற்றிய தட்டையான குச்சியைப் பெயின்டில் நனைத்து அடியில் செருகித் தேய்க்கலாம்.

ஏ.சி. அறைக் கதவின் சிக்கல் வேறு. உள்முகம் காய்ந்து சுருங்கும், வெளிமுகம் மழைக்காற்றில் உப்பும், கதவு வில்லாக வளையும். ஒரு முகத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தாலும் இதுதான் நடக்கும். ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரியும். வளைந்த கதவைச் சீவிப் பயனில்லை. நடுவில் மூன்றாவது கீல் போட்டு, இரு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுத்தால் அநேகமாகக் கட்டுக்குள் வரும்.