காலியாகத் தெரியும் காந்தள் தொட்டி

"தம்பி, இந்தத் தொட்டி சும்மாதானே கிடக்கு, மண்ணைக் கொட்டிட்டு வள்ளிக்கொடி வச்சிரட்டா?"

போன மாசியில் ஒரு மொட்டைமாடியில் ஓர் அம்மா கேட்டார். மண்ணை விரலால் விலக்கிக் காட்டினேன். உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஒரு கிழங்கு, கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்து. முந்தின வருஷம் ஆடியில் அவரே விதை ஊன்றிய செங்காந்தள்தான் அது. கொடி காய்ந்து உதிர்ந்ததும் செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

வீட்டுத் தோட்டங்களுக்கு நாற்று கொடுப்பதும் யோசனை சொல்வதும் என் பிழைப்பு. காந்தள் கேட்டு வருகிறவர்களிடம் விதையில் ஆரம்பியுங்கள் என்பேன். பெரிய கிழங்கு வாங்கி நட்டால் அந்த மழைக்காலத்திலேயே பூத்துவிடும், உண்மைதான். ஆனால் அது எந்தக் காட்டில், எந்த வேலியோரத்தில் தோண்டியதோ, யாருக்குத் தெரியும்? விதைக்குப் பொறுமை வேண்டும். பூ பார்க்க மூன்று நான்கு வருஷமாகும்.

தை, மாசியில் எடுத்த விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கும். ஆடி வரை வைத்திருந்து, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஒரு விதை மூன்று வாரத்தில் எட்டிப் பார்க்கும், பக்கத்து விதை மூன்று மாதம் கழித்து வரும். முதல் வருஷம் புல் மாதிரி நாலு இலை, அவ்வளவுதான். பனி முடியும்போது அதுவும் மஞ்சளாகிக் காய்ந்துவிடும். தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கிழங்கு தூங்கப் போய்விட்டது.

எனக்குப் பயம் இந்த மாதங்களில்தான். செடியின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று இதைப் பயிரிடுவதே அந்தச் சரக்குள்ள விதைக்காகத்தான். கௌட் என்ற மூட்டுவலிக்கு டாக்டர் எழுதும் கோல்சிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மில்லிகிராம். ஒரு கிழங்கில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. (பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்பார்கள். தினமும் பார்க்கிறேன், எனக்கு வந்ததில்லை.)

அதனால் காந்தள் தொட்டி மண்ணைக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள். மண் மாற்றும்போது கையுறை போடுங்கள். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது, ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. காய் வெடித்தால் உள்ளே மாதுளை முத்து மாதிரி சிவப்பாக வரிசை கட்டி இருக்கும், குழந்தை கை வைக்காமல் இருக்குமா? வெடிக்குமுன் பறித்துவிடுங்கள்.

யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது தொடங்கவே சில மணி நேரமாகும், அதற்குள் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். இந்த நஞ்சை முறிக்க வழக்கத்தில் மருந்து கிடையாது. வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் கிழங்கையோ விதையையோ ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த அம்மாவின் தொட்டியில் அன்றைக்கே சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். கீழே இறங்கும்போது, "மிச்ச விதை எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சமையலறை அலமாரியில் வெந்தய டப்பாவுக்குப் பக்கத்தில், பெயர் ஒட்டாத ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது.