சொன்னது மறக்கவில்லை, நேரத்துக்கு வரவில்லை

வீட்டில் கொடுக்கச் சொல்லி ஆசிரியர் தந்த கடிதம் மறுநாள் காலையிலும் பைக்குள்ளேயே கிடக்கிறது. "டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் குழந்தை ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுகிறது. அப்படியானால் மறந்தது எது? சொன்ன விஷயம் பத்திரமாக இருக்கிறது. கொடுக்க வேண்டிய நேரத்தில் அது தானாக மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படி உரிய நேரத்தில் தானாக வர வேண்டிய நினைவை 'எதிர்நோக்கு நினைவு' என்று சொல்லலாம். தேர்வில் கேள்வித்தாள் நம் நினைவைத் தட்டி எழுப்புகிறது. இங்கே தட்டி எழுப்ப ஆள் கிடையாது. குழந்தை தானே நினைத்துக்கொண்டு, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, அடுத்ததற்கு மாற வேண்டும். இதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆனாலும் தொடக்கம் வியக்கவைக்கும் அளவுக்குச் சீக்கிரமே நிகழ்கிறது. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டும் பொறுப்பைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். மிட்டாய் வாங்குவது போல ஆசையான விஷயமாக இருந்து, காத்திருக்கும் நேரமும் குறைவாக இருந்தால், 2 வயதுக் குழந்தைகளே சுமார் 80 சதவீதம் முறை சரியாக நினைவூட்டினார்கள். ஆர்வமில்லாத விஷயங்களில் அந்தத் திறமை குறைந்துபோனது.

வயதைவிடப் பெரிய தடை வேறொன்று என்பதை 2001-இல் லியா குவாவிலாஷ்விலியும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். 4, 5, 7 வயதுக் குழந்தைகள் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். விலங்குப் படம் வந்தால் அதை ஒளித்துவைக்க வேண்டும். அந்தப் படம் அடுக்கின் கடைசியில் வந்தபோது நன்றாகவே செய்தார்கள். நடுவில் வந்து வேலையை இடைமறித்தபோதுதான் தவறவிட்டார்கள். வயது வித்தியாசம் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளையை "பொறுப்பே இல்லை" என்று திட்டுவது எவ்வளவு அநியாயம் என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான்.

இன்னும் கடினமானது, கடிகாரத்தை நம்பிச் செய்ய வேண்டிய வேலை. கண்ணில் படும் அடையாளம் எதுவும் இல்லாததால் நேரத்தைத் தானே கண்காணிக்க வேண்டும். ஸ்டீஃபன் சீசியும் யூரி பிரான்ஃபென்பிரென்னரும் 1985-இல் 10, 14 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: ஓவன் அடுப்பில் வைத்த கேக்கை அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டும். சொந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் முதலில் சில முறை கடிகாரத்தைப் பார்த்தார்கள், அப்புறம் நிம்மதியாக விளையாடினார்கள், முடியும் தறுவாயில் மீண்டும் அடிக்கடி பார்த்தார்கள். அறிமுகமில்லாத ஆய்வகத்தில் அந்த நிம்மதி இல்லை. அதிகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையின் பதற்றமும் இந்தக் கணக்கில் சேரும் என்று இதிலிருந்து தெரிகிறது.

சரி, பெரியவர்கள் என்ன செய்யலாம்? "மறக்காமல் கொடு" என்பதில் நினைவு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் கடிதத்தை எடு" என்றால் ஷூவே அடையாளமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் நடுவில் இருக்காது என்பதும் உதவும். தங்கள் நினைவாற்றலைச் சிறு குழந்தைகள் உள்ளதைவிட அதிகமாகவே நம்புவார்கள். குறிப்பு எழுதி வைக்கும் யோசனை அவர்களுக்குத் தானாக வருவது அரிது. அதனால் எந்த அடையாளம் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, அதை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லலாம்.