வான்கோவின் நூலுருண்டைகள்

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வான்கோ அருங்காட்சியகத்தில் அரக்குப் பூசிய ஒரு சிறு பெட்டி உண்டு. உள்ளே கம்பளி நூலுருண்டைகள். பலவற்றில் வெவ்வேறு நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தால் என்ன ஆகும் என்று வின்சென்ட் வான்கோ சோதித்துப் பார்த்தது இவற்றில்தான்.

1885-ல் நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் அவர் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியம், அவரே சொன்னபடி, தோல் உரிக்காத, மண் ஒட்டிய கிழங்கின் நிறத்தில் இருக்கும். மூன்றே ஆண்டுகளில், தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில், அதே கை சூரியகாந்திகளை மஞ்சளாகக் கொட்டியது. தெற்கத்தி வெயில்தான் காரணம் என்பார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. மீதிப் பாதி பாரிஸில், அதுவும் ஒரு நெசவுக்கூடத்தில் தொடங்குகிறது.

பாரிஸின் கோபெலின் நெசவாலையில் 1824-ல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் வேதியியலாளர் செவ்ரல். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்து நெய்தால் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நூல்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. 1839-ல் இதையே ஒரு விதியாக எழுதி நூலாக வெளியிட்டார்.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்பு செல்கள் தரும் தகவல் அப்படியே மூளைக்குப் போவதில்லை. சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம் என்று கழித்துப் பார்த்துத்தான் அனுப்பப்படுகிறது. அந்தக் கழித்தலில் அக்கம்பக்கமும் சேரும். சிவப்புத் தாளின் நடுவே சாம்பல் நிறத் துண்டொன்றை வைத்துப் பாருங்கள். அது லேசாகப் பச்சையடிக்கும். சாம்பலுக்குப் பதில் பச்சையையே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். 1888-ல் வரைந்த ‘இரவு விடுதி’யில் சிவப்புச் சுவரும் பச்சைக் கூரையும் பார்ப்பவரை நிம்மதியாக இருக்கவிடாததற்கு இதுவே காரணம்.

இந்த விதியை நூனெனிலேயே வான்கோ புத்தகத்தில் படித்திருந்தார். ஆனால் படித்ததால் மட்டும் கை வந்துவிடுமா? 1886-ல் பாரிஸில் தம்பி தியோவின் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓவியர்கள் சூராவும் சின்யாக்கும் அதை ஓவியத் துணியில் செய்துகாட்டுவதைப் பார்த்தார். பிறகு பூக்களாக வரைந்து தள்ளினார். பூ ஒரு சாக்குத்தான். நீலத்தோடு ஆரஞ்சு, சிவப்போடு பச்சை, மஞ்சளோடு கத்தரிப்பூ நிறம் என்று ஜோடி சேர்த்துப் பழகினார்.

அந்த நிறங்கள் தகரக் குழாய்களில் கடையில் கிடைத்தன. ஆனால் பலவும் நிலைக்காதவை. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட். ஒளி பட்டால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மூன்று இணைதிறனுக்கு இறங்கும், மஞ்சள் பழுப்பாகும். வான்கோ ஓவியங்களிலிருந்து எடுத்த கண்ணுக்குத் தெரியாத அளவுத் துணுக்குகளை பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிரில் ஆராய்ந்து 2011-ல் இதை வெளியிட்டார்கள். மாற்றம் நடந்திருப்பது மேற்பரப்பின் சில மைக்ரோமீட்டர் தடிமனில் மட்டும்.

சிவப்புச் சாயங்களின் கதி இன்னும் மோசம். அவற்றின் மூலக்கூறே ஒளியில் சிதைந்து நிறமிழந்துவிடும். ஆர்லில் 1888 அக்டோபரில் வரைந்த ‘படுக்கையறை’யின் சுவர் வெளிர் கத்தரிப்பூ நிறம் என்று தியோவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வெண்ணெய் மஞ்சளில் கட்டில், அதற்கு எதிர்நிறமாகச் சுவர். பார்த்தாலே மூளை ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கத்தரிப்பூ நிறத்தில் கலந்திருந்த சிவப்பு கரைந்துபோய், இன்று அங்கே நிற்பது நீலம்.

இந்தச் சாயங்கள் மங்கும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அதனாலேயே அவற்றைத் துணிந்து அடர்த்தியாகப் பூச வேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும் என்று எழுதியிருக்கிறார். எல்லா நிறமும் ஒரே அளவில் தணியும் என்று நினைத்திருந்தாரோ என்னவோ. சிவப்பு முந்திக்கொண்டது.