லன்டானா – உண்ணிச்செடி

வேலியோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்குமே, இலையைக் கசக்கினால் நெடியடிக்குமே, அந்தச் செடிதான். கறுத்துப் பழுத்ததைப் பறித்துத் தின்னாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. (பச்சைக் காய் நஞ்சு, அது வேறு கதை.) செய்தியில் வரும்போது மட்டும் அது ‘லன்டானா’ ஆகிவிடுகிறது.

இந்தப் பெயர் அதற்கே இரவல். ஐரோப்பாவில் வைபர்னம் என்றொரு புதர் உண்டு. லன்டானா என்பது அதன் பழைய பெயர். பூங்கொத்து ஒத்திருந்ததால் அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வளைதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இதற்கு வேர் என்பார்கள். வைபர்னத்தின் கிளைகள் நன்றாக வளையும்.

அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, நீலகிரிக் காடுகளில் புல்லை எழவிடாமல் மண்டிவிட்டது. மாடும் தொடாது, யானையும் அதைத் தீனியாக நம்பியிருக்க முடியாது. யானைகள் தேயிலைத் தோட்டத்துக்கும் ஊருக்கும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அந்தச் செடியையே யானைச் சிற்பமாக்குகிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். ஓவியர் சுப்ரா நாயர் உள்ளிட்ட குழு அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து ஆணி அடிக்கிறார்கள். உரித்த தண்டின் பழுப்பு நிறம்தான் யானையின் தோல். அவர்களுக்குப் பழக்கமான, நிஜத்தில் நடமாடும் யானைகளே மாதிரி. 2021-இல் லண்டன் பூங்காக்களில் இந்த மந்தை நின்றது. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. நகரத்து மரங்களுக்கு நடுவே காட்டு விலங்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அயல் ஊடுருவித் தாவரம்’ என்பது செடியின் வகையைச் சொல்கிறது, பெயரை அல்ல. இருக்கவே இருக்கிறது உண்ணிச்செடி. ‘உன்னி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு ‘உண்ணி’யே சரியாகப் படுகிறது. மாட்டின் காதில் இரத்தம் குடித்து உருண்டுபோன உண்ணிகளைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுத்த பழக்கொத்தைப் பாருங்கள். இது என் ஊகம்தான்.

‘லன்டானா யானைகள்’ என்று தலைப்பிடுவதற்குப் பதில் ‘உண்ணிக்குச்சி யானைகள்’ என்று போட்டால், பாட்டிக்கு அது எந்தச் செடி என்று விளக்க வேண்டியிருக்காது.