பதினாறாம் நாளுக்குள் பசுவின் கருப்பை கேட்க வேண்டிய செய்தி

"சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, இருபத்தொரு நாளில் திரும்பவும் வேட்கைக்கு வந்து கத்துகிறது." தம்பலகாமத்திலும் மூதூரிலும் மாடு வளர்ப்பவர்கள் சொல்லும் குறை இது. பழி பசுவின் மேலோ ஊசி போட்டவர் மேலோ விழும். ஆனால் பல வேளைகளில் கருக்கட்டல் நடந்துதான் இருக்கிறது. தான் வந்திருப்பதை முளையம், அதாவது இளங்கரு, தாய்க்கு உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

கருக்கட்டிய முட்டை முதலில் தாய் முட்டையில் சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ. என்னும் செய்திப் பிரதிகளைக் கொண்டே பிரிகிறது. 8 முதல் 16 கலங்களான பிறகுதான் அதன் சொந்தப் பரம்பரை அலகுகள் முழுமூச்சாக வேலை தொடங்குகின்றன. ஏழாம் நாளில் அது வெறும் புள்ளி. பதினாறாம் நாளிலோ பல சென்ரிமீற்றர் நீண்ட மெல்லிய வெண்ணூல்! அந்த நூலின் வெளிக்கலங்களில் இன்டர்பெரோன் டௌ என்னும் புரதத்துக்கான பரம்பரை அலகுகள் மும்முரமாக இயங்குகின்றன. நூல் நீள நீளப் புரதமும் பெருகுகிறது.

கருப்பை அதுவரை காத்திருக்கிறது. செய்தி வராவிட்டால் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து, சூலகத்தில் புரோஜெஸ்தரோன் என்னும் சினை காக்கும் ஓமோனைச் சுரக்கும் மஞ்சட் சடலத்தை அழித்துவிடும். புரோஜெஸ்தரோன் வீழ்ந்து பசு மீண்டும் வேட்கைக்கு வரும். இன்டர்பெரோன் டௌ இந்தச் சுரப்பைத் தடுத்துச் சினையைக் காக்கிறது. இன்டர்பெரோன்கள் வைரசை எதிர்க்கும் புரதக் குடும்பம். அதில் ஒன்றை ஆடு, மாடு, எருமை போன்ற அசைபோடும் விலங்குகள் மட்டும் இப்பணிக்குப் பழக்கியிருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பன்றியின் முளையம் இதற்கு ஈஸ்திரசன் என்னும் ஓமோனைப் பயன்படுத்துகிறது.

சில முளையங்களுக்கு உருவாகும்போதே பரம்பரை அலகில் பழுது இருக்கும். 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஹொல்ஸ்டீன் என்னும் பால் மாட்டினத்துக் காளை ஒன்றின் வழிவந்த மாடுகள் பால் வளத்தால் உலகெங்கும் பரவின. ஏபிஏஎப்1 என்னும் பரம்பரை அலகின் பழுதான பிரதியும் கூடவே பரவியது. ஒரு பிரதி இருந்தால் தீங்கில்லை. இரு பெற்றோரும் அதைச் சுமந்தால் நான்கில் ஒரு கரு இரண்டையும் பெற்றுக் கருப்பையிலேயே இறக்கிறது. இன்று சோதனை செய்து, சுமக்கும் காளைகளை அறிய முடியும். ஆகவே ஊசி போடும்போது காளையின் இலக்கத்தைக் கேட்டு, திகதியோடு எழுதிவையுங்கள்.

பசு திரும்பக் கத்தும் நாளையும் குறியுங்கள். 21ஆம் நாளை ஒட்டிக் கத்தினால் கருக்கட்டவில்லை, அல்லது செய்தி எட்டவில்லை. 25 நாள் கடந்து, ஒழுங்கில்லாமல் வேட்கைக்கு வந்தால், செய்தி எட்டிய பின் முளையம் இறந்திருக்கலாம். கால்நடை வைத்தியருக்கு இந்த வேறுபாடு மிகவும் உதவும்.