கிளிப் டைட் பண்ணிய மறுநாள் இட்லி ஏன் கல்லாகிறது?

மாலை ஆறு மணிக்குப் பல் கிளிப்பை டைட் பண்ணிக்கொண்டு வந்தாள் மகள். எட்டு மணிக்கு மூன்று தோசை உள்ளே போயிற்று. "வலிக்கவே இல்லப்பா" என்றாள். மறுநாள் காலை, ஆவி பறக்கிற இட்லியை முன்பல்லால் கடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மல்லிகைப்பூ மாதிரி இட்லி, அதைக் கடிக்க முடியவில்லை.

இறுக்கியது நேற்று, வலி ஏன் இன்று? கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பதே இந்தத் தாமதத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

சுவரில் அடித்த ஆணி போலப் பல் எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கொலாஜன் நார்கள், மெல்லிய ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள் எல்லாம் அதற்குள்தான். கயிற்றுக் கட்டில் ஆளைத் தாங்குவதுபோல் இந்த நார்கள் பல்லைத் தாங்குகின்றன. சோற்றில் ஒரு சின்னக் கல் அகப்பட்டதும் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அதற்குத் தகவல் சொல்வது இந்த நரம்பு முனைகள்தான்.

கிளிப்பின் கம்பி பல்லை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கத்தில் நார்கள் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. இரண்டு பக்கத்துச் செல்களும் புரோஸ்டாகிளாண்டின் முதலான வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதைத் தொடர்ந்து எலும்பை அரிக்கும் செல்கள் வந்து நசுங்கிய பக்கத்து எலும்பைக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பு கட்டுகின்றன. முன்சுவரை இடித்துக்கொண்டே பின்சுவரை எழுப்பும் கொத்தனார் வேலை இது. பல் நகர்வது மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

அதே புரோஸ்டாகிளாண்டின் நரம்பு முனைகளையும் உசுப்பிவிடுகிறது. சாதாரண நாளில் பொருட்படுத்தாத அழுத்தம்கூட அப்போது வலியாகத் தெரியும். இதெல்லாம் நடக்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் தோசை தப்பித்தது, இட்லி மாட்டிக்கொண்டது. வலி ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

"இன்னும் நல்லா இறுக்கச் சொல்லு, சீக்கிரம் முடியும்" என்று எங்கள் வீட்டிலும் ஒரு யோசனை வந்தது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-இலேயே நாய்களின் பற்களை நகர்த்திப் பார்த்து இதற்குப் பதில் கண்டுவிட்டார். விசை அதிகமானால் நசுங்கிய இடத்தில் செல்கள் மடிந்து, திசு கண்ணாடி போல மாறிவிடும். உடல் அதை அகற்றும் வரை பல் நகராது. இறுக்க இறுக்க வேகம் கூடாது, வலிதான் கூடும்.

மாத்திரை விஷயத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பல்லை நகர்த்தும் வேலைக்கும் அந்தப் பொருள் வேண்டுமே! அத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் பல் நகர்வு மெதுவாகலாம் என்று விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. பல டாக்டர்கள் பாராசிட்டமாலை எழுதிக் கொடுப்பது இதனால்தான். எதுவானாலும் அளவை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது கம்பியின் கதை. முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கம்பிதான் போடுவார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான உலோகம் அது. 1970-களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் குணம் அதற்கு. அதில் வெப்பத்துக்கு இசையும் வகைக் கம்பி, வாயின் சூட்டில் விறைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் தளரும். ஜில்லென்ற தண்ணீரை வாயில் வைத்திருந்தால் பல் மீதான விசை கொஞ்ச நேரத்துக்கு நிஜமாகவே குறைகிறது. பின்னாளில் போடும் ஸ்டீல் கம்பிக்கு இந்த வித்தை தெரியாது. எந்தக் கம்பியானாலும் குளிர்ச்சி நரம்பை மந்தமாக்கும் என்பதால், முதல் இரண்டு நாளுக்கு ஃபிரிட்ஜில் வைத்த தயிர்சாதத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. குழைந்த பொங்கல், கஞ்சி, ஆறவைத்த ரசத்தில் பிசைந்த சாதம், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், இளநீர் வழுக்கை எல்லாம் அடுத்த வரிசை. ஐஸ்கட்டியை மட்டும் கடிக்கக் கூடாது. கம்பியைப் பிடித்திருக்க பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்து வந்துவிடும்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவது சிலருக்கு வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. மெல்லும்போது நசுங்கிய நார்கள் விட்டுவிட்டுத் தளர்ந்து, ரத்தம் திரும்பப் பாய்வதால் இருக்கலாம் என்கிறார்கள். உங்கள் டாக்டர் சரி என்றால் முயலலாம்.

வலி போனதும் முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், கரும்பு என்று இறங்கிவிடாதீர்கள். அவற்றுக்குக் கிளிப் கழற்றும் வரை விடுப்பு. கொய்யாவைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். கன்னத்தைக் கம்பி உரசினால் அந்த இடத்தில் மெழுகு வைக்கலாம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். ஒரு வாரம் தாண்டியும் வலி குறையாவிட்டால், வீக்கம் வந்தால், கம்பி குத்தினால், அடுத்த மாதத் தேதிக்காகக் காத்திராமல் போய்க் காட்டிவிடுங்கள்.

நான்காம் நாள் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார். முன்பல்லால் சீவி இழுக்கிற காய், கிளிப்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பிளந்து, சதையை ஸ்பூனால் வழித்துச் சோற்றில் போட்டுக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். சாம்பார் மஞ்சளில் கிளிப்பின் வெள்ளை ரப்பர் வளையங்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அழுகை. அடுத்த முறை கருநீல ரப்பர் கேட்டு மாட்டிக்கொண்டு வந்தாள்.