பாதீடு

இலங்கையின் வன்னிப் பகுதியில், மாங்குளம் தேத்தண்ணிக் கடையில் காதில் விழுவது "பட்ஜெட்டில எங்களுக்கு என்ன?" என்பதுதான். பழைய பிரெஞ்சில் சிறு தோற்பைக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்த சொல் அது. இங்கிலாந்தில் நிதிப் பொறுப்பாளர் கணக்குத் தாள்களை வைத்திருந்த பையைக் குறித்து, பின்னர் கணக்கையே குறித்தது.

தமிழில் இலங்கை அரச ஆவணங்கள் 'வரவு செலவுத் திட்டம்' என்கின்றன. தமிழகத்தில் 'நிதிநிலை அறிக்கை'. எங்கள் பத்திரிகைகள் எழுதும் 'பாதீடு'தான் பொருத்தமானது. பாது என்றால் பங்கு. பாது + ஈடு, பங்கிடுதல். தொல்காப்பியத்தில் இது, ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்று: கவர்ந்து வந்த ஆநிரையை வீரருக்குப் பகிர்ந்து கொடுப்பது. யாரிடம் எடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கட்சிகள் வேறுபடுவதும் அங்கேதான். 2019 டிசம்பரில் பொதுஜன பெரமுன அரசு பெறுமதி சேர் வரியை (வற், VAT) 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. திறைசேரியின் (அரச கருவூலத்தின்) வருமானம் சரிந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் ரணில் விக்கிரமசிங்க ஆட்சியில் 2024 ஜனவரியில் வற் 18 ஆனது. தேசிய மக்கள் சக்தி அரசு 2025 பாதீட்டில் அந்த 18ஐ மாற்றவில்லை. சம்பளத்தில் வரியில்லாத எல்லையை மாதம் 1 இலட்சத்திலிருந்து 1½ இலட்சமாக உயர்த்தியது. அது மாதச் சம்பளக்காரருக்கு ஆறுதல். வற் சேர்க்குமுன் 1,000 ரூபாய் விலையுள்ள பொருளை வாங்கும் வயல் கூலியாளோ கொழும்பு முதலாளி கட்டும் அதே 180 ரூபாயைத்தான் கட்டுகிறார். இது நியாயமான பங்கீடு அல்ல.

செலவுப் பக்கத்தில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒதுக்கீடு என்பது பாராளுமன்றம் தரும் அனுமதி. விடுவிப்பு என்பது திறைசேரி காசை அனுப்புவது. கொடுப்பனவு என்பது முடிந்த வேலைக்குக் கொடுப்பது. வன்னியில் பிசகுவது பெரும்பாலும் இரண்டாவதில். குளக்கட்டுக்கு மண் போட்டு இறுக்க, நீர் வற்றிய ஆடி, ஆவணி வேண்டும். காசு ஐப்பசியில் வந்தால் மாரி தொடங்கிவிடும்; ஈரக் களியில் உருளை ஓடாது, போட்ட மண்ணும் கரைந்துபோகும். டிசம்பர் 31 உடன் நிதியாண்டு முடிய, செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். மிச்ச வேலைக்கு அடுத்த பாதீட்டில் மறுபடி கேட்க வேண்டும்.